நஸ்லொக்: செத்தால் செத்ததுதான் என்ற ஆட்டத்துக்கு ஆறு பேரைத் தெரிவது

போக்கிமொன் விளையாட்டில் எதுவும் சாகாது. அடிபட்டு உயிர்ப்புள்ளி பூச்சியத்துக்கு வந்தால் மயங்கி விழும். பக்கத்து ஊர் வைத்திய நிலையத்துக்குக் கொண்டு போனால் ஒரு சதமும் இல்லாமல் எழும்பிவிடும். இதை உருவாக்கிய சதோஷி தஜிரி வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார். பிள்ளைகள் விளையாடுகிற ஆட்டத்தில் சாவு அர்த்தமில்லாமல் வந்து போகக் கூடாது என்பது அவருடைய எண்ணம். ஆனால் அந்த உலகத்தில் சாவே இல்லை என்றும் சொல்ல ஏலாது. முதல் ஆட்டத்திலேயே லவெண்டர் ஊரில் ஒரு கோபுரம் முழுக்கக் கல்லறை. தப்பி ஓடப் பார்த்தபோது கொல்லப்பட்ட ஒரு தாய் அங்கே ஆவியாக நிற்கும். அப்ப சாவு கதையில் இருக்கு, சண்டையில் இல்லை. இந்த இடைவெளியை 14 வருசத்துக்குப் பிறகு ஒரு ஆட்டக்காரர் தானாகவே அடைத்தார். அந்தக் கதையும், அவர் வைத்த விதிக்குள் நின்று அணி தெரிவது எப்படி என்பதும்தான் இந்தக் கட்டுரை.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாக: ஊர் ஊராக நடந்து, புல்லுக்குள்ளும் குகைக்குள்ளும் இருக்கிற விசித்திர உயிர்களைப் பிடித்து வளர்த்து, எட்டு ஜிம் தலைவர்களோடு மோதி, கடைசியில் சாம்பியனோடு மோத வேண்டும். கையில் கொண்டு திரியக்கூடியது ஆறு மட்டும். மிச்சம் பெட்டிக்குள் கிடக்கும். தஜிரி 1965 இல் பிறந்தவர், சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அவர் வளர்ந்த மச்சிதா நகரமாகி வயலும் குளமும் அழிந்தபோது, பூச்சி பிடிக்கிற அந்தச் சந்தோசத்தைக் கேம்போய்க்குள் கொண்டு வரலாம் என்று நினைத்தார். அப்படி வந்தவைதான் சிவப்பும் பச்சையும். 1996 பெப்ரவரி 27, யப்பான். மொத்தம் 151 உயிர்கள்.

முதல் கேம்போய்க்கு நாலு பென்ரோச் பற்றரி தேவை. இதை ஏன் சொல்கிறோம் என்றால், அதே 1996 இல் வன்னிக்குள் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பொருளாதாரத் தடைப் பட்டியலில் அதுவும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது. அந்த வருசம் யூலையில் சத்ஜெய நடவடிக்கை தொடங்கி செப்டெம்பரில் கிளிநொச்சி பறிபோனது. அதற்கு முதல் வருசம் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்திலும் ஒரு பகுதி திரும்பவும் மூட்டை கட்டியது. வட்டக்கச்சியில் அந்தத் தலைமுறைக்குப் போக்கிமொன் என்ற ஒன்றே கிடையாது. எங்களுக்கு அது வந்தது மிகப் பிந்தி, போனில், எமுலேட்டர் வழியாக.

செத்தால் செத்ததுதான் என்ற யோசனை போக்கிமொனைவிடப் பழையது. 1980 இல் வந்த ‘ரோக்’ என்ற கணினி ஆட்டத்தில் ஒருதரம் செத்தால் சேமித்து வைத்த கோப்பே அழிந்துவிடும், முதலில் இருந்து தொடங்க வேண்டும். 1990 இல் யப்பானில் வந்த ‘ஃபயர் எம்ப்ளம்’ இன்னொரு படி மேலே போனது. ஷோசோ காகா உருவாக்கிய ஆட்டம் அது. அதில் ஒவ்வொரு வீரருக்கும் பெயரும் முகமும் கதையும் இருக்கும். செத்துப் போனால் அடுத்த அத்தியாயத்தில் அவர் இல்லை, ஆட்டம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ரோக்கில் நீங்கள் சாகிறீர்கள். ஃபயர் எம்ப்ளத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்களோடு வந்தவர் இல்லை. இரண்டாவதுதான் பாரம்.

2010 இல் நிக் பிராங்கோ என்ற அமெரிக்க இளைஞர் ‘ரூபி’ ஆட்டத்தைத் திரும்ப விளையாடத் தொடங்கினார். ரூபி யப்பானில் 2002 நவம்பரில் வந்தது (இஞ்ச அது சமாதான காலம், ஏ9 பாதை திறந்து ஏழு மாதம்). பழைய ஆட்டம் கைக்குப் பழகிச் சப்பென்று இருந்ததால் தனக்குத்தானே இரண்டு விதி போட்டார். மயங்கினது செத்தது, அதைத் திரும்ப எடுக்கக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் முதலில் எதிர்ப்படுகிற ஒன்றை மட்டும்தான் பிடிக்கலாம், அது தப்பினால் அந்த இடத்தில் வேறு இல்லை. நடந்ததைக் கோட்டுச் சித்திரக் கதையாக வரைந்து ஃபோர்சான் தளத்தில் போட்டார். அந்தக் கதையில் ஒரு நஸ்லீஃபுக்கு ‘லொஸ்ட்’ தொலைக்காட்சித் தொடரில் வருகிற ஜோன் லொக்கின் முகம். நஸ்லீஃபும் லொக்கும் சேர்ந்து நஸ்லொக். அந்தத் தொடர்ப் பாத்திரத்துக்கே பெயர் கொடுத்தவர் 17 ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஜோன் லொக். அவருக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பாரோ தெரியாது.

மூன்றாவது விதி, பிடிக்கிற எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க வேண்டும் என்பது. வெளியில் பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும், ஆனால் முழு ஆட்டமும் இதில்தான் தொங்குது. அதே 2010 யூலையில் யப்பானில் வெளிவந்த ஃபயர் எம்ப்ளம் ஆட்டத்தில், செத்தவர் அடுத்த அத்தியாயத்தில் திரும்பி வருகிற இலகு முறையை முதல் தடவையாகச் சேர்த்தார்கள். சாவை வைத்துப் பெயர் எடுத்த ஆட்டம் சாவைத் தளர்த்திய வருசத்தில், சாவே இல்லாத ஆட்டத்துக்குள் ஆட்டக்காரர்கள் சாவைக் கொண்டு வந்தார்கள்.

எங்களுக்கு 2010 வேறு வருசம். 2009 சனவரி 2 இல் கிளிநொச்சி விழுந்த பிறகு வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்ட சனம் தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்து முள்ளிவாய்க்காலுக்குப் போனது. மிஞ்சினவர்கள் மெனிக்பாம் முகாம்களுக்குள் இருந்து பகுதி பகுதியாக வெளியே வந்து, கூரையில்லாத வீட்டுக்குத் தறப்பாள் கட்டின வருசம் 2010. அதையும் இதையும் ஒப்பிட நாங்கள் வரவில்லை. நஸ்லொக்கில் சாவு என்பது நீங்களே போட்டுக்கொண்ட ஒரு சத்தியம். யாரும் காவல் இல்லை. போனை அணைத்துப் பழைய சேமிப்பை எடுத்தால் செத்தது திரும்ப வரும். அப்படி வரக்கூடியதை வரவிடாமல் பிடித்து வைத்திருப்பதுதான் விளையாட்டு. திரும்பி வராத சாவைப் பார்த்த வீடுகளில் இதை விளங்கப்படுத்துவது லேசில்லை. ஆனாலும் எங்கட வயதுப் பெடியள் பெட்டையள் இதை விளையாடுகிறார்கள், அதுவும் மிகக் கவனமாக.

சரி, அணிக்கு வருவம். இணையத்தில் போட்டி ஆட்டம் ஆடுகிறவர்கள் ‘நல்ல அணி’ என்று சொல்வது நஸ்லொக்கில் கெட்ட அணி. போட்டி ஆட்டத்தில் வேகமும் தாக்கும் பலமும்தான் கணக்கு, ஐந்து விழுந்து ஒன்று நின்றாலும் வெற்றி வெற்றிதான். நஸ்லொக்கில் அப்படி வென்றால் அடுத்த ஜிம்முக்குப் போக ஆள் இல்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி எது அதிகம் அடிக்கும் என்பதில்லை, எது அடியை வாங்கிக்கொண்டு உள்ளே வரலாம் என்பது.

ஒரு சின்னக் கணக்கு. ரூபியில் எதிரி அடிக்கிற ஒவ்வொரு அடியும் 16 இல் 1 என்ற வாய்ப்பில் இரண்டு மடங்காக விழும். 16 இல் 1 என்றால் சின்னனாத்தான் தெரியும். 11 அடி வாங்குங்கள், அதில் ஒன்றாவது இரட்டையாக விழுகிற வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். ஒரு ஜிம்முக்குள் 11 அடி சாதாரணம். அதோடு ஒவ்வொரு அடியின் அளவும் 85 முதல் 100 வீதத்துக்குள் எங்கேயும் விழலாம். ஆகவே ‘ஒரு அடி தாங்கும்’ என்று நம்பி விடப்படுவதுதான் அதிகமாகச் சாகிறது.

இந்தக் கணக்கு தொடாத ஒரே இடம் விலக்கு. சில வகைத் தாக்குதல் சில உயிர்களுக்கு அறவே விழாது. மின்சாரம் மண் வகைக்கு விழாது, மண் பறவைக்கு விழாது, மனோசக்தி இருள் வகைக்கு விழாது. பூச்சியத்தை இரண்டால் பெருக்கினாலும் பூச்சியம். அதனால் ஆறில் எத்தனை விலக்கு ஒன்றையொன்று மூடி நிற்குது என்று பார்ப்பதுதான் எங்கட முதல் வேலை. மண் வகை ஒன்றைக் குறிவைத்து எதிரி மண்ணால் அடிப்பது தெரியுமென்றால் பறவையை உள்ளே மாத்தலாம், அடி காற்றோடு போய்விடும். இரண்டு மூன்று முறை இப்படி மாத்தினால் எதிரியின் பலம் வீணாகும்.

ரூபியில் தொடக்கத்தில் தரும் மூன்றில் மட்கிப்பை எடுக்கச் சொல்லி எல்லாரும் சொல்வதற்குக் காரணமும் இதுதான். நீர் வகை என்பதால் முதல் ஜிம் ரொக்ஸானின் கல் வகைக்குப் பயமில்லை. 16 ஆம் மட்டத்தில் மார்ஷ்டொம்ப் ஆனதும் நீரும் மண்ணும் சேர்ந்துவிடும், மூன்றாம் ஜிம் வாட்சனின் மின்சாரம் அதில் ஏறாது. நாலாம் ஜிம் நெருப்பு, அதற்கும் சரி. அதன் பலவீனம் ஒன்றே ஒன்று: புல். ஆனால் அந்த ஒன்று நாலு மடங்காக விழும். கடைசிச் சாம்பியன் ஸ்டீவனிடம் கிரேடிலி என்ற புல் வகை ஒன்று இருக்கு. எட்டு ஜிம்மும் சாம்பியனுக்கு முன் நிற்கிற நால்வரும் தாண்டி வந்த மட்கிப்புகள் அங்கேதான் போய்ச் சாகும்.

மிச்ச ஐந்தை நீங்கள் தெரிவதில்லை, இடம்தான் தரும். அபிரா வந்தால் சந்தோசப்படாதீர்கள். அது மறைந்து ஓடுவது மட்டும்தான் தெரிந்த உயிர், அந்தக் குகையின் வாய்ப்பையும் கொண்டு ஓடிவிடும். முதல் பாதையில் பூச்சியென்... மன்னிக்க, பூச்சியெனா என்ற நாய்க்குட்டி வந்தால் கன பேர் சலிப்பார்கள். நாங்கள் சலிப்பதில்லை. 18 ஆம் மட்டத்தில் அது மைட்டியெனா ஆகும், களத்துக்குள் வந்த உடனேயே எதிரியின் தாக்குபலத்தைக் குறைக்கும். அடிக்கவே தேவையில்லை, வந்து நின்றால் போதும். தூண்டிலில் வருகிற மஜிகார்ப் இருக்கே, ஒன்றுக்கும் உதவாத மீன், அதை 20 ஆம் மட்டம் வரைக்கும் பொத்திப் பொத்திக் கொண்டு வந்தால் கியாரடோஸ், அதற்கும் அதே குணம். போட்டி ஆட்டக்காரர் பலமில்லாதது என்று தள்ளுகிற உயிரை வைத்துத்தான் நஸ்லொக் ஓடுது.

பிறகு வந்த கடும்நஸ்லொக் ஆட்டக்காரர்கள் இன்னும் இறுக்கினார்கள். சண்டைக்குள் மருந்து பாவிக்கக் கூடாது, அடுத்த தலைவரின் ஆகப் பெரிய உயிரின் மட்டத்தைத் தாண்டி வளர்க்கக் கூடாது, எதிரி விழும்போது இலவசமாக ஆள் மாத்தக் கூடாது. அடிக்கணக்குப் போடும் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சண்டைக்கும் மணித்தியாலக் கணக்கில் திட்டம் போடுகிறார்கள். அவர்களிடமிருந்து வந்த சொல் ஒன்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது: ‘சாக்’. முக்கியமான ஒன்று பாதுகாப்பாக உள்ளே வர வேண்டும் என்றால், பெறுமதி குறைந்த ஒன்றை முன்னுக்கு அனுப்பிச் சாகவிடுவது. பலிகொடுப்பது. சதுரங்கத்தில் காயைக் கொடுப்பது போலத்தான், கணக்குப்படி பிழையே இல்லை. அதைத் தமிழில் தியாகம் என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். ஏலாது என்றோம். அனுப்பப்பட்டது தானாகப் போகவில்லை. இதைச் சொல்ல எங்கட ஊரில் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை.

செத்ததை வைக்கிற பெட்டிக்கு உலகம் முழுக்கக் ‘கல்லறை’ என்று பெயர் வைக்கிறார்கள். கிளிநொச்சியில் அந்தச் சொல்லைச் சும்மா போட்டுவிட்டுப் போக ஏலாது. கனகபுரத்தில் துயிலுமில்லம் புல்டோசரால் தள்ளப்பட்டதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எங்கட போன்களில் அது வெறும் பதினாலாம் பெட்டி. பெயர் வைப்பதிலும் ஒரு கட்டுப்பாடு: ஆக்களின் பெயர் வைப்பதில்லை, உயிரோடு இருக்கிற ஆக்களின் பெயரும் இல்லை. மரமும் நெல்லும்தான். முதிரை, பாலை, வீரை, மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள். செத்தாலும் அடுத்த போகத்துக்கு அந்தப் பெயர் மிஞ்சும்.

ரூபியில் ஆகக்கூடிய பேர் நிறுத்துகிற இடம் ஐந்தாம் ஜிம். அங்கே நிற்பவர் நோர்மன், ஆட்டக்காரரின் அப்பா. பிள்ளை என்று ஒரு சொட்டும் இரங்க மாட்டார். அவரிடம் ஸ்லேக்கிங் இரண்டு, நடுவில் ஒரு விகொரொத். ஸ்லேக்கிங்கின் தாக்குபலம் பயங்கரம், ஆனால் அது சோம்பேறி: ஒரு முறை அடித்தால் அடுத்த முறை சும்மா படுத்திருக்கும். ஆகவே முறையை எண்ண வேண்டும். அது அடிக்கிற முறையில் கிரேவெலர் மாதிரிக் கல்லுடம்புக்காரரை உள்ளே மாத்துங்கள், கல்லில் சாதாரண வகை அடி பாதிதான் விழும். அது படுத்திருக்கிற முறையில் அடியுங்கள், கிரானைட் குகையில் மகுஹிட்டா கிடைத்திருந்தால் அதற்குள் ஹரியமா ஆகியிருக்கும், அதன் சண்டை வகை அடி ஸ்லேக்கிங்குக்கு இரட்டையாக விழும். மைட்டியெனாவை ஆட்டத் தொடக்கத்தில் ஒருக்கா காட்டிவிட்டு உடனே வெளியே எடுங்கள். விகொரொத் வரும்போது எண்ணுவதை நிப்பாட்டுங்கள், அது சோம்பேறி இல்லை, ஒவ்வொரு முறையும் அடிக்கும். இரண்டாவது ஸ்லேக்கிங் வந்ததும் ஒன்றிலிருந்து திரும்ப எண்ணத் தொடங்குங்கள்.