பழமையின் நிறம்: டியூடர் பிளாக் பே கைக்கடிகாரத்தின் வடிவமரபு

பழைய சாயலில் புதிதாகச் செய்யப்படும் விலையுயர்ந்த கைக்கடிகாரங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே அளவுகோலை எடுக்கிறார்கள்: மூலத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது? சுவிட்சர்லாந்தின் டியூடர் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘பிளாக் பே ஃபிஃப்டி-எயிட்’ கடிகாரத்தின் முன் இந்த அளவுகோல் செல்லாது. அதற்குத் தனியொரு மூலமே கிடையாது.

பெயரிலுள்ள எண் 1958ஐக் குறிக்கிறது. 7924 என்ற மாதிரியெண் கொண்ட, 200 மீட்டர் ஆழத்துக்கான முக்குளிப்புக் கடிகாரம் வந்த ஆண்டு அது. பக்கக் காவலற்ற பெரிய சாவித் திருகு அங்கிருந்து வந்தது. ஆனால் மணி முள்ளின் முனையருகே விரியும் சதுரம் 1969இல்தான் டியூடரில் தோன்றியது. சேகரிப்பாளர்கள் அதை ‘ஸ்னோஃப்ளேக்’ என்பார்கள். ஆக, 1958 என்று பெயர் சூடிய கடிகாரத்தில் அந்த ஆண்டு இல்லாத முள் ஓடுகிறது. 1954இன் முதல் முக்குளிப்பு மாதிரியை நினைவுகூர்ந்து 37 மில்லிமீட்டரில் 2023இல் வந்த ‘பிளாக் பே 54’கூட இந்த முள்ளை விடவில்லை.

இதைக் காலப்பிழை என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சதுரம் அகலமானது என்பதால் ஒளிரும் பூச்சு கூடுதலாகப் பிடிக்கும், கலங்கிய நீரிலும் மணி முள் தனித்துத் தெரியும். அந்தப் பயன் இன்றும் உயிரோடிருக்கிறது. உலோகப் பட்டையின் ஓரத்து ரிவிட் தலைகளுக்கு அந்த நியாயம் இல்லை. 1950களில் தகட்டை மடித்துச் செய்த கண்ணிகளை ரிவிட்டுகளே பிடித்து நிறுத்தின. இன்றைய கண்ணிகள் திண்ம எஃகு. அவற்றை இணைப்பவை திருகுகள். ரிவிட் தலைகள் வெறும் அலங்காரம். சற்று அசட்டுத்தனமான அலங்காரம் என்றும் சொல்லலாம்.

உண்மையான சிக்கல் பூச்சின் நிறத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கம்வரை கடிகார முகப்புகளில் பரவலாக இருந்தது ரேடியம் கலந்த துத்தநாக சல்பைடு. ரேடியம்-226இன் அரைவாழ்வு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அதன் கதிர்வீச்சே துத்தநாக சல்பைடைச் சிதைத்தது: ஒளி மங்கியது, பூச்சு பழுத்தது. இந்தப் பூச்சுக்கு மனித விலையும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு தொழிற்சாலையில், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி முகப்பெழுதிய பெண்கள் தாடையெலும்பு அழுகி நோயுற்றனர். கிரேஸ் ஃபிரையர் உள்ளிட்ட ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. அந்தத் தொழிற்சாலைக்கும் டியூடருக்கும் தொடர்பில்லை. ஆயினும் பூச்சின் பழுப்பு அந்தப் பொருளின் வரலாறு.

2018இன் கறுப்பு முகப்பில் இருப்பது கதிர்வீச்சற்ற நவீனப் பூச்சு. இளம்பழுப்புச் சாயல் தொடக்கத்திலேயே ஏற்றப்பட்டது. முள்ளை வடிவமைத்தவர் ஒரு மனிதர், ரிவிட்டை அடித்தவரும் மனிதரே. பழைய முகப்புகளின் பழுப்பை எவரும் வடிவமைக்கவில்லை. 1958இல் கடிகாரம் வாங்கியவர் கண்டது வெளிறிய புதுப் பூச்சு. எனவே அந்தச் சாயல் 1958இன் வடிவத்தை மீட்பதில்லை, ஏல அரங்கில் முதுமைக்குக் கிடைக்கும் மதிப்பைத்தான் கடன் வாங்குகிறது. 2020இல் இதே கடிகாரத்தின் நீல வகை வெண்ணிறப் பூச்சுடன் வந்தது. சாவித் திருகும் முள்ளும் அப்படியே இருந்தன. பழுப்பில்லாமலும் இவ்வடிவமரபு நிற்கும் என்பதற்கு நிறுவனமே முன்வைத்த சான்றாக அதைக் கொள்ளலாம்.