கலந்துரையாடல் அமர்வு (அறிவியல் மாநாடு)

கலந்துரையாடல் அமர்வு என்பது, அறிவியல் மாநாடுகளில் ஒரு குறிப்பிட்ட சிக்கலைப் பற்றி ஆய்வாளர்கள் வினவவும் மறுக்கவும் விடையளிக்கவும் ஒதுக்கப்படும் அமர்வு ஆகும். கட்டுரை வாசிப்பு இதில் முதன்மை பெறுவதில்லை.

தலைப்பு

தலைப்பு குறுகியதாகவும் கருத்து வேறுபாட்டுக்கு இடம் தருவதாகவும் இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் ஓர் அமர்வு நடத்துவதாயின், "பீங்கான் தொழில்நுட்பம்" என்ற தலைப்பில் எவரும் எதையும் பேசலாம். "மெருகுப் பூச்சில் மயிரிழை விரிசல் விழுவது ஏன்?" என்ற தலைப்போ சூளை நடத்துவோரையும் ஆய்வகத்தாரையும் ஒரே வினாவின் முன் நிறுத்தும். சுட்ட கலம் ஆறும்போது அதன் உடலைவிடப் பூச்சு மிகுதியாகச் சுருங்குவதால் இவ்விரிசல் தோன்றுகிறது. குறை மண்கலவையிலா, பூச்சிலா, சுட்ட முறையிலா என்பதே விவாதத்துக்கு உரியது.

நேரப் பகிர்வு

பிரித்தானியாவில் 1907இல் தொடங்கிய பரடே கலந்துரையாடல்கள் இவ்வகையில் புகழ்பெற்றவை. இவற்றில் கட்டுரைகள் முன்னதாகவே பங்கேற்பாளர்களுக்கு அனுப்பப்படுகின்றன. ஆசிரியர் ஐந்து நிமிடங்களில் சுருக்கம் கூற, எஞ்சிய நேரம் விவாதத்துக்கு விடப்படுகிறது. விவாதமும் கட்டுரைகளுடன் அச்சேறுகிறது. 1929இல் மூலக்கூறு நிறமாலை பற்றி பிரிஸ்டலில் நடைபெற்ற கலந்துரையாடலில், ஒளிச்சிதறல் குறித்த சி. வி. இராமனின் கட்டுரை இடம்பெற்றது.

தலைவரின் பங்கு

குறைகூறப்பட்டவருக்கு அதே அமர்வில் மறுமொழி கூற வாய்ப்பளிப்பது தலைவரின் முதற்கடமை. இது தவறியதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு நேர்ந்ததாகும். 1935 சனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில், வெண்குறுமீன்களின் நிறைக்கு ஒரு மேல் எல்லை உண்டு என்பதை 24 வயதான அவர் விளக்கினார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன் அம்முடிவை எள்ளலுடன் மறுத்தார். தலைவர் இசுட்ராட்டன், கட்டுரையை நன்கு ஆராய்ந்த பின்னரே விவாதிக்க இயலும் எனக் கூறி அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார். அதே ஆண்டு பாரிசில் நடந்த பன்னாட்டு வானியல் ஒன்றியக் கூட்டத்திலும் எடிங்டன் இதனைத் தாக்கிப் பேசினார். மறுமொழி கூற விரும்புவதாகச் சந்திரசேகர் சீட்டு அனுப்பியும், தலைமை வகித்த என்றி நோரிசு ரசல் இசையவில்லை.

எடிங்டனின் கருத்து தவறென அறிந்த இயற்பியலாளர் சிலரும் வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை. ஏறத்தாழ 1.4 சூரிய நிறை கொண்ட அவ்வெல்லை பின்னர் சந்திரசேகர் வரையறை எனப் பெயர்பெற்றது. விண்மீன்களின் அமைப்பு, படிமலர்ச்சி பற்றிய ஆய்வுகளுக்காக 1983இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.