ஒரு மனையில் எத்தனை வீடு? மினியாபொலிஸ் மக்கள் ஒரு விதியை மாற்றிய வரலாறு



சமூக மாற்றம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம்ம மாணவர்கள் பெரும்பாலும் பெரிய போராட்டங்களைத்தான் தேடிப் போவார்கள். இந்த முறை சின்னதாகத் தெரியும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு துண்டு நிலத்தில் எத்தனை வீடு கட்டலாம்? ஒன்றா, மூன்றா?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிஸ் நகரம் இந்தக் கேள்வியால் இரண்டுபட்டு நின்றது. 2018 டிசம்பர் 7-ஆம் நாள் நகர மன்றம் 12-க்கு 1 என்ற வாக்கில் முடிவெடுத்தது. அதுவரை ஒரே ஒரு குடும்ப வீடு மட்டும் கட்ட முடிந்த மனைகளில் இனி மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்றது அந்த முடிவு. மன்றத்தில் நடந்தது ஒரு நாள் வாக்கெடுப்புதான். ஆனால் அதுக்குப் பின்னால் நூறாண்டு வரலாறும், சாதாரண மக்களின் உழைப்பும் இருந்தன.

மண்டல விதி என்றால் என்ன?

இந்த இடம் தொழிற்சாலைக்கு, இந்த இடம் கடைகளுக்கு, இது குடியிருப்புக்கு என்று நகராண்மைக் கழகம் நிலத்தைப் பிரித்து வைப்பதுதான் மண்டல விதி. நம் ஊரில் ‘பெலான் தெம்பாத்தான்’ என்கிறோமே, அது செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று.

அமெரிக்க நகரங்கள் பல இதில் இன்னொரு படி மேலே போயின. குடியிருப்புப் பகுதிக்குள்ளேயே, ‘இங்கே ஒரு மனைக்கு ஒரு தனி வீடு மட்டும்’ என்று எழுதி வைத்தன. மினியாபொலிஸில் குடியிருப்பு நிலத்தில் சுமார் 70 விழுக்காடு இந்த விதியின் கீழ் இருந்தது. நிலத்தின் சொந்தக்காரரே விரும்பினாலும் அங்கே மூன்று குடும்பங்களுக்கு ஒரு சிறிய மாடி வீடு கட்ட முடியாது. கட்டினால் அது சட்டவிரோதம்.

இந்த விதி எங்கிருந்து வந்தது?

இங்கே ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

1910-இல் மினியாபொலிஸில் ஒரு வீட்டுமனைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதப்பட்டது. கறுப்பினத்தவர், சீனர், ஜப்பானியர் போன்றோருக்கு இந்த மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்றது அது. இப்படிப்பட்ட நிபந்தனைகள் அதன் பிறகு ஆயிரக்கணக்கில் பெருகின.

1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனத்தின் அடிப்படையில் நகரங்கள் மண்டலம் பிரிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் தனியார் பத்திரங்களில் இருந்த நிபந்தனைகள் அப்படியே தொடர்ந்தன. மினியாபொலிஸின் முதல் மண்டலச் சட்டம் 1924-இல் வந்தது. 1926-இல் அதே உச்ச நீதிமன்றம், கட்டட வகையை வைத்து மண்டலம் பிரிக்கலாம் என்று ஒப்புக்கொண்டது.

இந்த இடத்தில் மாணவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கட்டட வகையைச் சொல்லும் விதியில் இனத்தின் பெயரே கிடையாது. ஆனால் தனி வீடு வாங்க யாரிடம் பணம் இருந்தது? யாருக்கு வங்கி கடன் கொடுத்தது? விதியின் சொற்கள் பொதுவாக இருந்தாலும் அதன் விளைவு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை.

1948-இல் உச்ச நீதிமன்றம், இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. 1968-இல் நியாய வீட்டு வசதிச் சட்டம் அவற்றைத் தடை செய்தது. அந்தச் சட்டத்துக்காக முன்னின்றவர்களில் ஒருவர் மின்னசோட்டாவின் செனட்டர் வால்டர் மொண்டேல். பத்திரத்து நிபந்தனைகள் செத்துப்போயின. ‘ஒரு மனைக்கு ஒரு வீடு’ விதி மட்டும் உயிரோடு இருந்தது.

பற்றாக்குறை எப்படி வந்தது?

1950-இல் மினியாபொலிஸில் 521,718 பேர் வாழ்ந்தார்கள். பிறகு மக்கள் புறநகர்களுக்குப் போகப்போக, 1980-இல் அது 370,951 ஆகக் குறைந்தது. ஆள் குறையும் ஊரில் வீடு பத்தவில்லை என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள், இல்லையா? ஆனால் காற்று திசை மாறியது. 2010-இல் 382,578 ஆக இருந்த மக்கள் தொகை 2020-இல் 429,954 ஆனது. பத்தே ஆண்டில் ஏறக்குறைய 47,000 பேர் கூடினார்கள். நிலமோ அதேதான், விதியும் அதேதான். வீடு தேடுவோர் கூடும்போது வீடுகள் அதே வேகத்தில் கூடாவிட்டால் வாடகை ஏறும். இதற்குப் பெரிய பொருளியல் படிப்பு தேவையில்லை.

மக்கள் எப்படி உள்ளே வந்தார்கள்?

மின்னசோட்டா மாநிலச் சட்டப்படி, அந்த வட்டாரத்து நகரங்கள் பத்தாண்டுக்கு ஒரு முறை தங்கள் முழுமைத் திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும். ‘மினியாபொலிஸ் 2040’ அப்படி வந்த திட்டம்தான்.

பொதுவாக இப்படிப்பட்ட திட்டங்களுக்கான கூட்டங்களுக்கு யார் வருவார்கள்? வீடு சொந்தமாக உள்ளவர்கள், மாலையில் நேரம் உள்ளவர்கள். நகரத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருந்தும் அவர்களின் குரல் மன்றத்தில் அதிகம் கேட்டதில்லை. இந்த முறை நகரத் திட்ட அதிகாரிகள் தெரு விழாக்களுக்கே போய், ‘உங்கள் நகரம் எப்படி இருக்க வேண்டும்?’ என்று கேட்டார்கள்.

இன்னொரு பக்கம் ‘நெய்பர்ஸ் ஃபார் மோர் நெய்பர்ஸ்’ என்ற தன்னார்வக் குழு எழுந்தது. ‘இன்னும் நிறைய அண்டை வீட்டார் வரட்டும் என்று கேட்கும் அண்டை வீட்டார்’ என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். திட்டத்தை எளிமையாக விளக்குவது, கருத்தை எப்படி எழுதி அனுப்புவது என்று சொல்லிக் கொடுப்பது, பொது விசாரணைக்கு வந்து பேச வைப்பது ஆகியவையே இவர்களின் வேலை.

மூன்றாவதாக வந்தது வரலாற்று ஆய்வு. 2016-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ‘மேப்பிங் பிரெஜுடிஸ்’ என்ற திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் பழைய மனைப் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். இன நிபந்தனை உள்ள மனைகளை வரைபடத்தில் குறித்தார்கள். மினியாபொலிஸில் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட நிபந்தனைகள் கிடைத்தன. ‘எங்கள் வட்டாரம் இயல்பாகவே இப்படி அமைந்தது’ என்று அதுவரை நம்பியவர்களுக்கு, அது இயல்பாக அமையவில்லை, எழுதி அமைக்கப்பட்டது என்று அந்த வரைபடம் காட்டியது. நகர மன்றத் தலைவர் லீசா பெண்டரும் மேயர் ஜேக்கப் ஃப்ரேயும் திட்டத்துக்கு ஆதரவாகப் பேசியபோது இந்த வரலாற்றையும் காரணமாகச் சொன்னார்கள்.

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

எதிர்த்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. பழைய வீடுகளை இடித்துவிடுவார்கள், வெளி முதலீட்டாளர்கள் மனைகளை வாங்கிக் குவிப்பார்கள், வண்டி நிறுத்த இடம் இருக்காது என்றெல்லாம் அவர்கள் அஞ்சினார்கள். எங்கள் குடியிருப்பை இடிக்காதே என்ற சிவப்புப் பலகைகள் பல வீட்டு வாசல்களில் நின்றன. 2018 மார்ச்சில் வந்த முதல் வரைவு ஒரு மனைக்கு நான்கு வீடுகள் வரை அனுமதித்தது. 10,000-க்கு மேற்பட்ட கருத்துகள் குவிந்த பிறகு, அது மூன்றாகக் குறைந்தது. அதாவது, எதிர்த்தவர்களின் குரலும் முடிவில் இருக்கிறது.

புதிய விதி 2020 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. இதற்கிடையே சுற்றுச்சூழல் குழுக்கள் வழக்குத் தொடுத்திருந்தன. 2022-இல் நீதிமன்றம் திட்டத்துக்குத் தடை போட்டது. 2024-இல் மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் சிக்கல் தீர்ந்தது.

விளைவை எப்படி எழுதுவது?

புள்ளிகள் போகும் இடம் இதுதான். பியூ அறக்கட்டளை 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017 முதல் 2022 வரை மினியாபொலிஸில் வீடுகளின் எண்ணிக்கை 12 விழுக்காடு கூடியது. வாடகை 1 விழுக்காடு மட்டுமே ஏறியது. மின்னசோட்டாவின் மற்றப் பகுதிகளில் வீடுகள் 4 விழுக்காடு கூடின. வாடகையோ 14 விழுக்காடு ஏறியது.

இதைப் பார்த்ததும், ‘மூன்று வீட்டு விதியால் வாடகை கட்டுக்குள் வந்தது’ என்று எழுதத் தோன்றும். அவசரப்படாதீர்கள். புதிய வீடுகளில் பெரும்பகுதி, 20 வீடுகளுக்கு மேல் கொண்ட பெரிய கட்டடங்களில் வந்தவை. மூன்று வீட்டுக் கட்டடங்கள் எழுந்தது மிகவும் குறைவு. கட்டடத்தின் மொத்தப் பரப்பளவுக்கு இருந்த உச்ச வரம்பு மாறாததும் அதுக்கு ஒரு காரணம். ஒரே அளவுக்குள் மூன்று வீட்டை அடக்க வேண்டியிருந்தது. பேருந்து, ரயில் தடங்களை ஒட்டி உயரமான கட்டடங்களுக்கு இடம் கொடுத்தது, 2015 முதல் படிப்படியாகத் தளர்ந்து 2021-இல் முற்றாக நீங்கிய கட்டாய வாகன நிறுத்துமிட விதி ஆகியவையே கூடுதல் பலன் தந்தன.

அப்படியென்றால் அந்தப் பிரபலமான வாக்கெடுப்பு வீண்தானா? இல்லை. யாரும் தொடக் கூடாது என்று நினைத்த விதியைத் தொடலாம் என்று அது காட்டியது. 2019-இல் ஒரிகன் மாநிலமும் 2021-இல் கலிஃபோர்னியாவும் இதே போன்ற சட்டங்களை இயற்றின. உடனடிக் காரணம் வேறு, அடிப்படைக் காரணம் வேறு. வாடகை மீதான விளைவு வேறு, சிந்தனை மீதான விளைவு வேறு. இதைப் பிரித்து எழுதத் தெரிந்த மாணவர் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்குத் தயாராகிவிட்டார்.

வகுப்பறைக்கு மூன்று கேள்விகள்

1. ஒரு வரைபடத்தையோ மனைப் பத்திரத்தையோ வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்த முடியுமா? மினியாபொலிஸை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.

2. இனத்தைக் குறிப்பிடாத ஒரு விதி, இன ஏற்றத்தாழ்வை எவ்வாறு தொடரச் செய்யும்?

3. நான்கு வீடு மூன்றானது வெற்றியா, விட்டுக்கொடுத்தலா? இரு தரப்புக் கருத்தையும் எழுதுக.

கடைசியாக ஒன்று. மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்ட வரைவுகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. சிங்கப்பூரிலும் பெருந்திட்ட வரைவு அப்படியே காட்சிக்கு வருகிறது. அடுத்த முறை உங்கள் வட்டாரத்து வரைவு வெளிவரும்போது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தங்கள் வீடு எந்த நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது, ஏன் என்று அவர்களே தேடிப் பார்க்கட்டும்.