பாறையேறிகளின் குறிப்பேடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலும் வேல்ஸின் ஸ்னோடோனியா மலைகளிலும் பொழுதுபோக்காகப் பாறையேறத் தொடங்கியவர்களுக்கு அதனால் பணமோ பரிசோ கிடைக்கவில்லை. ஆயினும், ஏறிய வழியைப் பிறருக்குப் பயன்படும்படி எழுதிவைக்கும் வழக்கம் அவர்களிடையே விரைவில் வேரூன்றியது. இதற்கான முன்மாதிரி ஆல்ப்ஸ் மலையேறிகளிடமிருந்து வந்தது. 1857இல் லண்டனில் தோன்றிய ஆல்பைன் கிளப், 1863 முதல் தனக்கென ஓர் இதழை நடத்தியதோடு, 1864இல் மலையேற்றக் கயிறுகளின் வலிமையையும் சோதித்து அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டே மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முறையாக எட்டி இறங்கிய குழுவில், இருந்த கயிறுகளுள் மிக நலிந்தது அறுந்து நால்வர் மாண்டது அத்தகைய அறிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கொடூரமாக உணர்த்தியது.

எனினும் உயிர்ப் பாதுகாப்பு ஒன்றே எழுதத் தூண்டிய காரணமன்று. ஸ்னோடோனியாவின் பென்-இ-க்விரிட் விடுதியில், வருவோர் போவோரின் கிறுக்கல்களிலிருந்து காப்பதற்காகப் பூட்டுடன் கூடிய குறிப்பேடு ஒன்று 1880களில் வைக்கப்பட்டது. ஏரி மாவட்டத்தின் வாஸ்டேல் ஹெட் விடுதியிலும் 1890இல் ஏற்றக் குறிப்பேடு ஒன்று தொடங்கப்பெற்றது. பிளவு எங்கே தொடங்குகிறது, அதை அடைத்து நிற்கும் கல்லை எந்தப் பக்கமாகக் கடப்பது, கைப்பிடி எங்கே அகப்படும் என்பவையே இத்தகைய பதிவுகளுக்கு உரிய செய்திகள். நடுவர் இல்லாத இவ்விளையாட்டில், ஒருவர் புதிய வழியில் ஏறியதை மெய்ப்பிக்க அதே வழியில் மற்றொருவர் ஏறிப் பார்ப்பதைவிட உறுதியான சான்று கிடையாது. 1886இல் நேப்ஸ் நீடில் என்னும் ஊசிப்பாறையில் தனியே ஏறிய டபிள்யூ. பி. ஹாஸ்கெட் ஸ்மித், உச்சியில் தம் கைக்குட்டையை விட்டுவந்தார். ஆனால் கைக்குட்டை காற்றில் போய்விடும், தெளிவாக எழுதிய குறிப்போ நிலைத்து நின்று அடுத்தவரை அழைக்கும். ஆகவே புகழ் விரும்பியவராலும் வழியை மறைக்க இயலவில்லை. தன்னலமும் பிறர்நலமும் ஒரே பத்தியில் எழுதப்பட்டன என்பதே இவ்வழக்கத்தின் தனிச்சிறப்பு.

பிடிதோறும் விவரிப்பது புதிதாகக் கண்டடையும் இன்பத்தைக் கெடுத்துவிடும் என்ற மறுப்பும் எழாமலில்லை. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் அச்சு நூல்கள் பெருகவே செய்தன. 1897இல் ஓவன் கிளின் ஜோன்ஸ், ஆபிரகாம் சகோதரர்களின் ஒளிப்படங்களுடன் வெளியிட்ட நூலில், வழிகளை எளியவை முதல் மிகக் கடுமையானவை வரை நான்கு தரங்களாகப் பிரித்தார். ஒரு வழியின் கடினத்தைக் குறிக்கும் இத்தரம், பலருடைய அனுபவத்தை ஒப்பிட்டால்தான் பொருள்படும். அதனால் முன்னவர் எழுதியதைத் திருத்துவதும் பின்வந்தவரின் கடமையாயிற்று. 1906இல் உருவான ஃபெல் அண்டு ராக் கிளைம்பிங் கிளப் 1920களில் வெளியிடத் தொடங்கிய கையேடுகள் அக்கடமையையே முறைப்படுத்தின. உறுப்பினர்கள் ஊதியமின்றிப் பாறைகளில் மீண்டும் ஏறிச் சரிபார்க்க, பதிப்புக்குப் பதிப்பு அவை புதுப்பிக்கப்பட்டு வந்தன.