தேயிலை நெருக்கடியும் டுவார்ஸ் பழங்குடியினரின் வேலையிழப்பும்

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் கல்கத்தாப் பல்கலைக்கழக மானிடவியல் துறை இயங்கி வருகிறது. 1920இல் தொடங்கப்பெற்ற அத்துறை ஆராய்ந்துவரும் வங்கப் பழங்குடியினருள் ஒரு பகுதியினர், வடக்கே டுவார்ஸ் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போராவர். அவர்தம் வேலையைப் பொருளாதார நெருக்கடி தாக்கிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

1874இல் கஜல்டோபாவில் முதல் தோட்டம் தோன்றியபின், சோட்டாநாக்பூர்ப் பகுதியினின்று ஒராவன், முண்டா, காரியா, சந்தால் மக்கள் குடும்பங்களாக அழைத்துவரப்பட்டனர். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. இதனால் வேலையும் வாழ்வாதாரமும் பிரிக்க இயலாதனவாயின. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தமையால் இந்தியத் தேயிலையின் பெருஞ்சந்தை தளர்ந்தது. 1990களின் இறுதியில் விலை வீழ்ந்தது. 2000களின் தொடக்கத்தில் தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. கூலியுடன் பங்கீட்டுத் தானியமும் மருந்தும் குடிநீரும் ஒருசேர நின்றன. பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். எஞ்சியோர் ஆற்றுப்படுகைகளில் கல்லுடைத்தனர். இளையோர் பூட்டானுக்கும் தில்லிக்கும் கேரளத்துக்கும் சென்றனர்.

1930களின் பெருமந்தத்தில் இலங்கைத் தோட்டங்களில் வேலையிழந்த தமிழர் பலர் தாயகம் திரும்பினர். டுவார்ஸ் பழங்குடியினர்க்கோ, தலைமுறைகள் கடந்தபின், திரும்பிச் செல்ல ஊரில்லை. குடியிருந்த மனைக்கும் அப்போது உரிமையிருக்கவில்லை. எனவே, இத்துயரை விலைச்சரிவு மட்டும் விளக்காது. வேலையோடு வீட்டையும் உணவையும் பிணைத்த தோட்ட வரலாறும் சேர்ந்தே விளக்கும் எனலாம்.