ஒரு காடு, ஐந்து கணக்கு

'கேம்பிங்' என்ற வார்த்தை நம் ஊர் இளைஞர்கள் வாயில் புழங்குவதற்கு ரொம்ப காலம் முன்பே, நெல்லைச் சீமை ஜனங்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். பெயர்தான் வேறு... ஆடி அமாவாசை!

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு போகிற வழியில் இருக்கிறது சொரிமுத்து ஐயனார் கோயில். அண்டா, அரிசி மூட்டை, ஆட்டுக்கிடா சகிதம் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வருவார்கள். தாமிரபரணிக் கரையில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். பகலில் ஆற்றுக்குளியல், ராத்திரியில் சாமியாட்டம். அதைவிடப் பெரிய வேடிக்கை, சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து அமர்ந்து காட்சி கொடுப்பது. அப்படி அமர்ந்த முருகதாஸ் தீர்த்தபதி, 2020 மே மாதம் காலமானார்.

நாட்டில்தான் ஜமீனே இல்லையே, காட்டுக்குள் ராஜாவுக்கு என்ன வேலை என்கிறீர்களா? ஒரு காலத்தில் அந்தக் காடே அவர் குடும்பத்துச் சொத்து. நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு, செலவு என்றுதான் புத்தி ஓடும். இந்தக் காட்டின் கதையையும் ஒரு பேரேடு மாதிரியே புரட்டிப் பார்ப்போம்.

முதல் கணக்கு, ரத்தத்தில் எழுதியது. 18-ம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா உள்நாட்டுப் பகையில் தவித்தபோது சிங்கம்பட்டிப் படை உதவிக்குப் போனது. அந்தச் சண்டையில் சிங்கம்பட்டியின் இளவரசர் உயிரை விட்டார். அதற்கு நன்றிக்கடனாக வந்ததுதான் இந்த மலையும் காடும் என்பது ஜமீனில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

இரண்டாவது கணக்கு ஒரு கொலை வழக்கு. சென்னையில் மைனர் ஜமீன்தார்கள் தங்கிப் படித்த 'நியூயிங்டன்' மாளிகையின் பிரின்சிபால் டி லா ஹே என்ற வெள்ளைக்காரர். 1919 அக்டோபரில் ஒருநாள் இரவு, படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி வாரிசுகள் வழக்கில் சிக்கினார்கள். பரபரப்பு தாங்காமல் வழக்கு பம்பாய்க்கே மாற்றப்பட்டது. கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால், செலவு? கஜானா காலி! அந்தக் கடனை அடைக்கத்தான் மலை குத்தகைக்குப் போனது என்பார்கள். 1929-ல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் சுமார் 8,374 ஏக்கரை 99 வருடத்துக்கு எடுத்தது. காட்டைத் திருத்தி தேயிலை நட்டார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலைமேல் ஊர்கள் முளைத்தன.

மூன்றாவது கணக்கு அரசாங்கத்துடையது. ஜமீன் ஒழிப்பில் 1952-ல் நிலம் சர்க்கார் கைக்கு வந்தது. கம்பெனியின் குத்தகை மட்டும் தொடர்ந்தது.

நான்காவது, புலியின் கணக்கு. 1962-ல் முண்டந்துறை சரணாலயம். 1988-ல் களக்காட்டோடு சேர்த்து, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆடித் தங்கலுக்கும் கட்டுப்பாடு வந்தது. குறை சொல்ல முடியாது. நாம் விட்டுவிட்டு வரும் பிளாஸ்டிக்கை எந்த ஐயனாரும் பொறுக்க மாட்டார்!

சரி, இந்த நாலு கணக்கிலும் பெயரே இல்லாதவர்கள் யார்?

ராஜாவுக்கும் முந்தி அங்கே இருந்த காணி மக்கள். பாணதீர்த்தம் அருவிக்கும் மேலே, இஞ்சிக்குழியில் அவர்கள் குடியிருப்பு. காரையாறு அணை வந்த பிறகு, சொந்த வீட்டுக்குப் போகவே படகு தேடவேண்டிய நிலைமை.

அப்புறம், தேயிலை பறித்த கைகள். கூலி உயர்வு கேட்டுப் போராடி சிறைக்குப் போனார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனது. கொக்கிரகுளம் அருகே போலீஸ் தடியடி. ஜனங்கள் தாமிரபரணிக்குள் இறங்கி ஓடினார்கள். இரண்டு பெண்கள், ஒரு குழந்தை உள்பட 17 பேர் பிணமானார்கள். மலையில் அவர்கள் குடித்து வளர்ந்த அதே ஆற்றுத் தண்ணீர்!

2028-ல் குத்தகை முடிய வேண்டும். 2024-லேயே கம்பெனி விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தேயிலை வேலையை நிறுத்திவிட்டது. காடு காட்டுக்கே திரும்பட்டும், நல்லதுதான். ஆனால், மூன்று, நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள் எங்கே திரும்புவது?

மணிமுத்தாறு அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"செடி நாங்க நட்டது. வீடு கம்பெனியோடது. மலை கவர்மென்டோடது. எங்கள எந்தக் கணக்குல தம்பி எழுதுவிய?"

கணக்குப் படித்தவன்தான் நான். பதில் தெரியவில்லை. ஐந்தாவது கணக்கு இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது.