எண்பது ஆண்டு மௌனம்

போர் வரலாற்றைப் படிக்கும்போது நம் கண்ணில் முதலிற்படுவன தளபதிகளின் பெயர்களும் மாண்டோரின் தொகையுமே. வீடு திரும்பி, மனைவி மக்களோடு வாழ்ந்து முதிர்ந்த ஒரு சாதாரணச் சிப்பாயின் நெஞ்சில் அப்போர் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்தது என்பதை எந்தப் பட்டியலும் கூறுவதில்லை. அதனை நமக்கு உணர்த்துவது இங்கிலாந்தின் ஹாரி பேட்ச் என்னும் முதியவரின் வாழ்க்கை.

1898ஆம் ஆண்டு, பாத் நகரை அடுத்த கூம் டவுன் என்னும் சிற்றூரில் பேட்ச் பிறந்தார். பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டுக் குழாய் பொருத்தும் தொழிலைக் கற்கத் தொடங்கினார். போர்க்களத்தை அவர் நாடிச் செல்லவில்லை. 1916இல் கட்டாய இராணுவச் சேவை அவரை அழைத்துக்கொண்டது. 1917இல் பெல்ஜிய மண்ணில் நடந்த பாசண்டேல் போரில், லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய ஐவர் குழுவில் அவரும் ஒருவரானார். இயன்றவரை எவரையும் கொல்வதில்லை, காலிலேயே சுடுவது என அவ்வைவரும் தமக்குள் உறுதி செய்துகொண்டனர். துப்பாக்கி முனையில் கத்தி பொருத்திப் பாய்ந்து வந்த ஜெர்மானியன் ஒருவனைப் பேட்ச் காலில் சுட்டு வீழ்த்தினாரேயன்றி உயிரைப் பறிக்கவில்லை. ஆனால் போர் அத்தகைய இரக்கம் காட்டவில்லை. செப்டம்பர் 22ஆம் நாள் அக்குழுவினரிடையே குண்டு வெடித்தது. தோழர் மூவர் மாண்டனர். பேட்சின் உடலில் தைத்த இரும்புத் துண்டு மயக்க மருந்தின்றியே அகற்றப்பட்டது.

1919இல் அவர் ஏடா என்பவரை மணந்தார். ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். தம் தொழிலைச் செய்து குடும்பத்தைக் காத்தார். இரண்டாம் உலகப் போரின்போது பாத் நகரில் தீயணைப்பாளராகத் தொண்டாற்றினார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உடன் வாழ்ந்து 1976இல் மறைந்த மனைவியிடங்கூட அவர் பாசண்டேலைப் பற்றிப் பேசியதில்லை. அன்பின்மையால் அன்று, சொல்லுந்தோறும் அம்மூவரின் சாவை மீண்டும் காணவேண்டியிருந்தமையால்.

நூறு வயதை எட்டிய 1998ஆம் ஆண்டில்தான், தொலைக்காட்சிப் பதிவொன்றிற்காக அவர் வாய் திறந்தார். உடன் போரிட்டோர் ஒருவர்பின் ஒருவராக மறைந்துகொண்டிருந்தனர். இனியும் மௌனம் காத்தால் சான்று கூற எவருமிரார் என்னும் நிலை. 2004இல், எதிரணியில் போரிட்ட சார்லஸ் கூன்ஸ் என்னும் 107 வயது முதியவரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். நாடு நவம்பர் 11ஆம் நாளை நினைவுநாளாகப் போற்ற, அவரோ செப்டம்பர் 22ஆம் நாளையே தம் நினைவுநாளாகக் கொண்டார். அவருக்குப் போர் என்பது வெற்றியன்று. இழந்த மூன்று நண்பர்கள்.

2009ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், தம் 111ஆம் வயதில் பேட்ச் மறைந்தார். வெல்ஸ் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில், அவர் விருப்பப்படியே, ஓர் ஆயுதமும் இடம்பெறவில்லை. பெல்ஜிய, பிரெஞ்சு வீரர்களோடு ஜெர்மானிய வீரர்களும் பேழையுடன் நடந்து வந்தனர்.

பாசண்டேல் போரை மாணவர்க்குக் கற்பிக்குங்கால், மாண்டோரின் தொகையோடு இந்த எண்பதாண்டு மௌனத்தையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். போரின் விலையைக் களத்தில் வீழ்ந்தவர் ஒருநாளில் செலுத்திவிடுகின்றனர். மீண்டு வந்தவரோ வாழ்நாளெல்லாம் செலுத்துகின்றனர்.